புஷ்பம் அக்காவின் நான்கு சென்ட்டில் ஒரு தாழி

மழைக்காலத்தில் கிணற்று மோட்டார் எரியாது. கொழிஞ்சாம்பாறையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் எனக்கு அக்டோபர் வந்தால் ஈ ஓட்டுகிற வேலைதான். அதனால் வெளியூர்ப் பயணம் எதுவானாலும் அந்த மாதத்தில்தான் வைத்துக்கொள்வேன். போன வருடம் அப்படித்தான், சின்னக்கானலுக்கு மேலே நடந்த ஒரு மக்கள் அகழாய்வில் தன்னார்வலனாக ஐந்து நாள் மண் சுரண்டப் போனேன். இதே மாதிரிப் போக நினைப்பவர்கள் இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டதால் இந்தப் பதிவு. ஒரு வருடம் தாமதம். பாதிக் காரணம் சோம்பல். மீதிக் காரணம், அங்கே நடந்தது எப்படி முடியும் என்று தெரியாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் தொல்லியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய இடங்களைப் பார்க்கப் பிடிக்கும். அதற்கு முந்தைய வருடம் அகளிக்கு மேலே ஒரு கல்திட்டையைத் தேடிப் போய், அட்டைக் கடி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அங்கே பழக்கமான ஒருவர் மூலம்தான் வாட்ஸ்அப்பில் இந்த அழைப்பு வந்தது. மாநிலத் துறையின் அனுமதியோடு ஒரு கல்லூரியும் பஞ்சாயத்தும் சேர்ந்து நடத்துவதாகவும், முன் அனுபவம் தேவையில்லை, முட்டி போட்டு உட்கார முடிந்தால் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. வீட்டில் காட்டினேன். "நம்மூட்டுக்குப் பின்னால சாக்கடை அடைச்சு மூணு மாசமாச்சுங்க. தோண்டோணும்னா அதத் தோண்டுங்க மொதல்ல," என்றாள் மனைவி. நியாயமான பேச்சுதான். இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து உடுமலை முப்பது. உடுமலையில் இட்லி தின்றுவிட்டு மூணாறு பஸ்ஸைப் பிடித்தால் சின்னாறு, மறையூர் வழியாக ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர் மலை ஏற்றம். இந்த பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல், இடப்பக்க ஜன்னல் என்று பேரம் பேசாதீர்கள். வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவது நல்லது. மூணாறில் இறங்கும்போது மணி ஒன்றரை. அங்கிருந்து சின்னக்கானலுக்கு சுமார் இருபது கிலோமீட்டர், இன்னொரு பஸ். அன்று பஸ்ஸுக்கு மட்டும் மொத்தம் இருநூற்றைம்பது ரூபாய்க்குள் ஆனது. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஜீப் ஒன்றே வழி. ஆள் சேர்ந்தால் தலைக்கு ஐம்பது, சேராவிட்டால் முழு ஜீப்புக்கு ஐந்நூறு. எனக்கு ஆள் சேரவில்லை.

ஜீப் ஓட்டியவர் பெயர் செல்வராஜ். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் குழி தோண்டப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"புஷ்பத்தக்கா எடத்துக்கா? நல்லாத் தோண்டுங்க. ஆனா ஒண்ணும் கெடைக்காமத் தோண்டுங்க."

"அதென்னங்க அப்படிச் சொல்றீங்க?"

"அக்காவுக்கு மார்ச்சோட வேல முடியுதுண்ணே. ரிட்டயர்டு ஆனா லயத்தக் காலி பண்ணிரணும்ல. புருசன் போயாச்சு. இருந்ததெல்லாம் போட்டு நாலு சென்ட்டு வாங்கி, தறைக்கு மண்ணு வெட்டுறப்பத்தான் அந்தப் பானை வந்துச்சு. அன்னைக்கு நின்ன வேல, இன்னும் நிக்குது."

தறை என்று அங்கே சொல்வது வீட்டின் அடித்தளத்தை. லயம் என்பது தோட்டத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடு. வேலை இருக்கும்வரைதான் அதில் இருக்கலாம். வாட்ஸ்அப் அழைப்பில் இதில் ஒரு வரிகூட இல்லை. மழைக்காலத்தில் யாராவது அகழாய்வு செய்வார்களா என்று எனக்கு ஊரிலேயே ஒரு சந்தேகம் இருந்தது. காரணம் ஜீப்பில்தான் தெரிந்தது. அந்த அக்காவால் வெயில்காலம்வரை காத்திருக்க முடியாது.

தங்க ஏற்பாடு லயத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பாய், கம்பளி, சுடுதண்ணீர் உண்டு. சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். வெளியிலிருந்து வந்தவர்கள் என்னோடு சேர்த்து நான்கு பேர், மற்றவர்கள் லயத்துக்காரர்கள். பொறுப்பாளர் நிமிஷா என்ற ஆராய்ச்சி மாணவி, தொடுபுழைப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். அவசரம் வந்தால் முழுக்க மலையாளம். முதல் நாளே எனக்குக் கரணையும் பிரஷ்ஷும் கொடுத்து, "சேட்டா, மண்ணைக் குத்தண்டா, சீவியா மதி. மீன் செதிலு எடுக்கும் போலெ," என்றாள். மோட்டார் காயில் பிரித்த கைக்கு, குத்தாமல் சீவுவது சிரமமாக இல்லை. முட்டிதான் தகராறு செய்தது.

இடம் ஒரு சரிவு. கீழே லயம், மேலே வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் கிராண்டிஸ் மரத் தோட்டம். நடுவில் புஷ்பம் அக்காவின் நான்கு சென்ட். ஜேசிபி வெட்டிய இடத்தில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே நைலான் நூல் கட்டிய சதுரக் குழி, அதன் நடுவில் முதுமக்கள் தாழி. இறந்தவர்களின் எலும்பையும் பொருளையும் வைத்துப் புதைக்கிற பெரிய பானை. வாய்ப்பக்கம் ஜேசிபி பட்டு உடைந்திருந்தது. வயிறு மண்ணுக்குள் முழுசாக இருந்தது. நான் முதன்முதலாகப் பார்க்கிற தாழி அது. சிலிர்த்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

புஷ்பம் அக்காவை முதலில் பார்த்தது பால் ஊற்றாத கட்டன் சாயாத் தூக்குவாளியோடு. ஐம்பத்தேழு வயது, ஒல்லி, தலையில் கொழுந்து கிள்ளப் போகும்போது கட்டுகிற துண்டு அப்படியே இருந்தது. கழுத்தில் ஜெபமாலை. எங்களுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் ஊர் விசாரித்தார்.

"கொழிஞ்சாம்பாறைங்க்கா. பாலக்காட்டுக்குக் கெழக்கால."

"அங்கேயிருந்து இம்புட்டு தூரம் மண்ணு தோண்டவா வந்தீக?"

"ஆமாங்க்கா. எதாச்சும் கெடைக்குமான்னு பார்க்கலாமுன்னுங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் கெடைக்கக் கூடாதுன்னு நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். கெடைக்கணும்னு நீங்க வேண்டிக்கிட்டு வந்திருக்கீக. மாதா யாரு பக்கம் கேப்பா தம்பி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.  நிமிஷா பிறகு விளக்கமாகச் சொன்னாள். தாழி ஒன்றிரண்டு மட்டும் என்றால், பதிவுசெய்து, எடுத்து, அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு இடத்தை விட்டுவிடலாம். ஆனால் தாழியைச் சுற்றிக் கல்வட்டம் இருந்தால் கதை வேறு. நட்டு வைத்த கற்களின் வட்டம் இருந்தால் அது ஒரு இடுகாடு என்று ஆகிவிடும். அப்புறம் அங்கே வீடு கட்டத் துறை சம்மதிக்காது. ஆகவே எங்கள் ஐந்து நாள் வேலையின் சாரம் இதுதான்: நான்கு சென்ட்டில் கல்வட்டம் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: அலுப்பாக இருக்கும். காலை எட்டரைக்குக் குழிக்குள் இறங்கினால் விரல் கனத்துக்கு மண்ணைச் சீவ வேண்டும். சீவிய மண்ணைக் கூடையில் போட்டுச் சல்லடைக்குக் கொண்டுபோக வேண்டும். சல்லடையில் மிஞ்சுவது பெரும்பாலும் வேர், சரளை, மண்புழு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மழை அடித்து ஊற்றும். தார்ப்பாயின் கீழே நின்று குழிக்குள் தண்ணீர் இறங்காமல் வரப்புக் கட்ட வேண்டும். ஐந்து மணிக்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். ஆனை வரும். வருமா என்று சந்தேகமாகக் கேட்காதீர்கள், அங்கே யாரும் அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நடுவே பத்தரை மணிக்கும் மூன்றரை மணிக்கும் சாயா நேரம். குழிக்கு மேல் பக்கம், வேலி ஓரப் புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஏழு கற்கள் நின்றன. பழைய கையாலை இடிந்த மிச்சம் என்று நிலத்தை விற்றவர் சொல்லியிருந்தாராம். கையாலை என்றால் மலைச் சரிவில் மண் சரியாமல் அடுக்குகிற கல்வரப்பு, அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் இருக்கும். நிமிஷாவும் அப்படித்தான் குறித்துக்கொண்டாள். நாங்கள் அதில் உட்கார்ந்துதான் சாயா குடித்தோம். முதல் நாளே ஆளுக்கொரு கல் என்று ஆகிவிட்டது. திருச்சூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தன் கல்லுக்குத் துண்டு விரித்து இடம்பிடித்து வைப்பார். என் கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு ஓட்டுத் துண்டை வைத்துச் சரிக்கட்டப் பார்த்து, நிமிஷாவிடம் திட்டு வாங்கினேன். பானை ஓட்டை அல்ல, கூரை ஓட்டைத்தான் வைத்தேன் என்று நிரூபிக்கப் பெரும்பாடாகிவிட்டது.

இரண்டாம் நாள் எனக்கு ஒதுக்கிய சதுரக் குழியில் கையகல ஓடு ஒன்று வந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு வளைந்து விரலுக்கு வாகாக இருந்தது. "நிமிஷா, இங்க வாங்க!" என்று கத்திவிட்டேன். நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். நிமிர்ந்தபோது சல்லடை பக்கம் புஷ்பம் அக்கா நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கதவைத் திறக்கும்போது ஜனங்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நிமிஷா அவரிடம் போய், "சேச்சி, இது ஒரு கிண்ணம் மாத்ரம். வேறெ ஒண்ணும் இல்லா," என்றாள். அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி சல்லடையை ஆட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து நாங்கள் எது கிடைத்தாலும் கத்தாமல் கையைத் தூக்குவது என்று ஆனது. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாள் தினமும் எங்களோடு வேலை செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த விடுப்பைப் போட்டுவிட்டு. தன் நிலத்தில் தனக்கு ஆகாத ஒன்றைத் தேடுகிற வேலையில் அவ்வளவு ஒழுங்காக ஒருவர் இருந்து நான் பார்த்ததில்லை. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சீக்கிரம் முடிஞ்சா எனக்குத்தான தம்பி நல்லது," என்றார். என் கொங்குப் பேச்சு அவருக்கு வேடிக்கை. "சண்ட போடுறப்பவும் ங்க போடுவீகளா?" என்றார். "அப்பத்தானுங்க்கா ஜாஸ்தியாப் போடுவோமுங்க," என்றேன். லயத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு சாயங்காலம் முழுக்கச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் குழிகள் எல்லாம் கன்னிமண்ணைத் தொட்டுவிட்டன. அதாவது மனிதர் கை படாத இயற்கை மண். தாழி ஒன்று, கிண்ண ஓடுகள், துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று. கல்வட்டம் இல்லை. நிமிஷா அக்காவை உட்கார வைத்துச் சொன்னாள், "திங்கக்கிழம பெரிய சார் வரும். நோக்கிட்டு எழுதித் தரும். எனிக்குத் தோணுது, சேச்சிக்கு வீடு வெக்காம்."

வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அக்கா துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். அப்புறம் கீழே இறங்கிப் போய் ஒரு மணி நேரத்தில் ஒரு குண்டான் வேகவைத்த கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் கொண்டுவந்தார். மழையில் நனைந்துகொண்டு அந்த ஏழு கற்களில் உட்கார்ந்து தின்றோம். வங்கி அதிகாரி எல்லோரையும் சேர்த்து செல்ஃபி எடுத்தார். என் வாய் நிறையக் கப்பை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான் சின்னக்கானல்வரை நடந்துபோய் வந்தேன். தேயிலைச் சரிவுகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. சுற்றுலாக்காரர்கள் நிற்கும் இடத்தில் சாயா முப்பது ரூபாய். நூறடி தள்ளி ஜீப்புகள் நிற்கும் இடத்தில் பன்னிரண்டு. மத்தியான மழைக்கு ஒதுங்கி நின்றபோது செல்வராஜ் ஜீப்பை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். உள்ளே ஐந்தாறு லயத்துப் பெண்கள், காலடியில் சுண்ணாம்பு வாளி, தென்னை மட்டை பிரஷ், கடப்பாரை, செவந்திப் பூ. அந்த வாரம் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையில் புல்லைச் செதுக்கி, சாய்ந்த கல்லை நிமிர்த்தி, வெள்ளை அடித்துவைத்துவிட்டால் அன்றைக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தி ஜெபம் சொல்வார்கள். அவர்களுக்கு நடுவே இருந்த புஷ்பம் அக்காவும் புருஷனின் கல்லறைக்குப் போய்விட்டு வந்திருந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "மிச்சம் அர வாளி கெடக்கு," என்று சுண்ணாம்பைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நிமிஷா முன்னால் ஏறிப் போனாள். பின்னால் வந்த நான் அவள் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

"எண்டெ தெய்வமே," என்றாள்.

தாழிக் குழியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு கல்லறை. இந்தப் பக்கம் மூன்று கல், அந்தப் பக்கம் மூன்று கல், தலைமாட்டில் ஒன்று. நீள்சதுரம், நூல் பிடித்த மாதிரி. எல்லாம் வெள்ளை. தலைமாட்டில் குச்சியால் கட்டிய சிலுவை, அதற்குச் செவந்திப் பூ. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் தன் பங்குக்கு வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்திவைத்திருந்தது. வேலி ஓரத்தில் நாங்கள் உட்கார்ந்த கற்கள் ஒன்றும் இல்லை.

புஷ்பம் அக்கா பெருமையோடு வந்தார். "எப்பிடி இருக்கு தாயி? அந்த மனுசன அவரு எடத்துல இருந்து எழுப்பி விடப் போறோம்ல. போறதுக்கு முன்னாடி ஒரு மரியாத செய்யணும்னு தோணுச்சு. கல்லறைன்னு நீயேதான சொன்ன? நாங்க எல்லாருமாச் சேந்து நேத்துச் செஞ்சோம்."

நிமிஷாவுக்குத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அவள் வேலி ஓரத்துக்கு ஓடினாள். நானும் போனேன். கடப்பாரை போட்டு நெம்பி எடுத்த இடத்தில் ஏழு புதுக் குழிகள். இடிந்த கையாலையின் கல் மண்ணின் மேல் கிடக்கும். இவை முழங்கை ஆழத்துக்கு நட்டுவைத்தவை. ஒவ்வொரு குழியின் அடியிலும் கல் அசையாமல் இருக்கச் சின்னச் சின்னக் கற்களை இறுக்கி அடித்திருந்தார்கள். புல் இருந்தவரை தெரியாத ஒன்று, புல்லைச் செதுக்கியதும் தெரிந்தது. ஏழு குழிகளும் நேர்கோட்டில் இல்லை. வளைந்து வேலியை நோக்கிப் போயின. மூன்று நாளும் நாங்கள் எதைத் தேடினோமோ அதன் மேலேயே உட்கார்ந்து கட்டன் குடித்திருக்கிறோம்.

பத்து மணிக்கு, அகழாய்வை மேற்பார்வை பார்க்கும் பெரிய சார் வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர், குடையை ஊன்றிக்கொண்டு ஏறினார். வெள்ளைக் கல்லறையைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மலையாளத்தில் பொதுவாகக் கேட்டார், இந்தக் கல்லெல்லாம் எங்கேயிருந்து எடுத்தது?

 நிமிஷா அக்காவைப் பார்த்தாள். லயத்துப் பெண்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பெண் சட்டென்று முன்னால் வந்து, "ஓடைல கெடந்துச்சு சார், பொறுக்கிட்டு வந்தோம்," என்றாள்.

ஓடையில் கிடந்த கல்லென்றால் அது வெறும் கல். கல்வட்டம் இல்லை. வீடு உண்டு. வேலி ஓரக் குழிகளில் மண்ணைத் தள்ளிவிட அரை மணி நேரம் போதும்.  அக்கா பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கிடைக்கட்டும் என்று வந்தவன், அந்த நேரத்தில் அக்காவின் கட்சிக்கு மாறிவிட்டேன்.

புஷ்பம் அக்கா துண்டை இறுக்கிக் கட்டினார். "இல்ல சார். அவ எனக்காகச் சொல்லுதா. ஓடையும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் அந்த வேலிப்பக்கமிருந்து புடுங்கினேன். வாங்க, எடத்தக் காட்டுதேன்."

முன்னால் நடந்தார். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் போய் நின்று காட்டினார். சார் பின்னாலேயே போனார். கடைசிக் குழிக்கு வந்ததும் உட்கார இடம் தேடினார். உட்காரக் கல் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

பிறகு கயிறு கட்டி வளைவை அளந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கிராண்டிஸ் சருகுக்குள் கம்பியால் குத்திப் பார்த்ததில் டங் டங் என்று இன்னும் கற்கள். வட்டத்தின் பெரும்பகுதி அந்தத் தோட்டத்துக்குள்தான். அக்காவின் நான்கு சென்ட்டில் மேல் மூலையில் ஒரு துண்டு, பிறை மாதிரி. அவர் நிலத்துத் தாழி அந்த வட்டத்துக்கு வெளியே கீழே தள்ளி இருந்தது. கற்கள் எந்தத் திசையைப் பார்த்து நின்றன என்று தெரிந்துகொள்ள ஒரே ஆதாரம் எங்கள் சாயா நேரப் படங்கள். நிமிஷா எல்லோர் போனிலிருந்தும் வாங்கிக்கொண்டாள். ஆக, ஒரு தொல்லியல் பதிவில் என் முதுகும், வாய் நிறையக் கப்பையும் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டன.

சார் அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னார். எழுதாமல் இருக்க முடியாது. மேல் பாதியில் எதுவும் கட்டக் கூடாது. கீழ்ப் பாதிக்கு நான் சிபாரிசு செய்கிறேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை, நாளாகும். அக்கா, "மார்ச்சுக்குள்ள ஆகுமா சார்?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆகாது என்றார்.

 அன்று மத்தியானமும் அக்கா வழக்கம்போலக் கட்டன் கொண்டுவந்தார். நின்றுகொண்டே குடித்தோம். நான் கேட்டுவிட்டேன். "ஏனுங்க்கா, அந்தப் புள்ள ஓடையின்னு சொல்லுச்சே. நீங்க பேசாம இருந்திருக்கலாமுங்களே?"

"அந்த மனுசன் தலமாட்டுலருந்து கல்ல உருவிட்டு, ஓடைல கெடந்துச்சுன்னு எப்பிடித் தம்பி சொல்ல?" என்றார். கோபம்தான், ஆனால் என் மேல் இல்லை. "நாளைக்கு அந்த வீட்டுல நான் படுத்துத் தூங்க வேணாமா?"

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏழு கற்களையும் பழைய குழிகளில் நட்டோம். சுண்ணாம்பைச் சுரண்டக் கூடாது, கல் கெட்டுப்போகும், மழையே கழுவட்டும் என்று சார் சொல்லிவிட்டார். செல்வராஜின் ஜீப்பில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக ஏழு புள்ளிகள் வெகுதூரம்வரை தெரிந்தன.

இனி போக நினைப்பவர்களுக்கு. டிசம்பர் முதல் மார்ச்வரை நல்ல காலம். மழையில் போவதற்கு என்னைப் போல வேலையில்லாதவராக இருக்க வேண்டும். முட்டிக்கு உறை, இரண்டு ஜோடி கையுறை, அட்டைக்கு மூக்குப்பொடியும் உப்பும் கலந்த துணிமுடிச்சு கொண்டுபோங்கள். மாத்திரைகளை மூணாறிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு எனக்குத் தங்கல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குச் சற்று மேலே ஆனது. கிடைத்ததை வெளியே சொல்லும் முன் பொறுப்பாளரைக் கேளுங்கள், இடத்தின் பெயரைப் போட்டுவிட்டால் புதையல் தேடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். நானும் லயத்தின் பெயரை அதனால்தான் எழுதவில்லை. போவதற்கு முன்பே அது யாருடைய நிலம், தோண்டுவதால் அவருக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். நான் ஜீப்பில் ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்புறம், முதல் நாள் சாயா குடிக்க உட்காரும் முன் எதன் மேல் உட்காருகிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

புஷ்பம் அக்கா மார்ச்சில் லயத்தைக் காலி செய்தார். சாமானை ஏற்றிக்கொண்டு ஏலப்பாறையில் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஒண்டியிருந்தார். தாழியை எடுத்துக்கொண்டு போன பிறகு, கீழ்ப் பாதிக்கு ஆகஸ்டில்தான் அனுமதி வந்தது. இரண்டு அறை என்று நினைத்திருந்த வீடு, ஓர் அறையும் சமையலறையும் ஆனது. போனில் சொன்னார், "கக்கூஸ மட்டும் அவுகளுக்கு மொகம் காட்டாமத் திருப்பி வச்சிட்டேன் தம்பி. மத்தபடி வாசல் அவுகளப் பாத்துத்தான்."

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மறுபடி போன். "சுண்ணாம்பு அடிக்கக் கூடாதுன்னுட்டாக, சரி. மெழுகுவத்தி கொளுத்தலாமான்னு அந்தப் புள்ள நிமிஷாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டா அது பாவம் சங்கடப்படும்." நான் கேட்டேன். நிமிஷா சிரித்தாள். "கல்லிண்டெ மேலெ வேண்டா சேட்டா. தாழெ, மண்ணுல வெச்சோட்டே."

அடுத்த நாள் பொழுது சாயும்போது படம் வந்தது. ஏழு கற்கள், இடுக்கில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் காலடியிலும் மண்ணில் ஒரு மெழுகுவர்த்தி. வரிசை வளைந்து வேலிவரை போய் நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் மிச்சக் கற்கள் இருக்கிற இடம் இருட்டு. படத்துக்குக் கீழே அவர் குரலில் ஒரு சேதி.

"அங்கிட்டு இருக்கவுகளுக்கும் வைக்கணும் தம்பி. ஆனா அது வேற ஆளு நெலம்ல, கேக்காம நொழைய முடியாது. காலைல போய்க் கேட்டுட்டு வைக்கிறேன்."